பெல்லட் சைசிங் டை: நாகர்கோவில் லேத் பட்டறையில் செய்து வாங்கிய அனுபவம்

என் மகளின் ஏர் ரைஃபிள் பெல்லட்டுக்காக, அதாவது அதில் சுடுகிற சின்ன ஈயக் குண்டுக்காக, நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறையில் சைசிங் டை ஒன்று செய்து வாங்கினோம். குண்டை உள்ளே விட்டு அழுத்தி ஒரே அளவுக்குக் கொண்டுவருகிற இரும்பு அச்சு அது. நல்ல வேலை. கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது. ஆனால் இது எல்லாருக்கும் வேண்டிய சாமான் இல்லை. யாருக்கு வேண்டும், எப்படி அளவு வைப்பது, எண்ணெய் எவ்வளவு தொடலாம் என்று நான் தேடியபோது தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் குலசேகரம் பக்கம். கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, அதுதான் வருமானம். மகள் பள்ளி அளவில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து பிடித்த ஆசை அது. ரைஃபிள் பயிற்சிக் கூடத்தினுடையது. பெல்லட் மட்டும் நம் கைக்காசு. போட்டியில் அறுபது குண்டுதான், பயிற்சியில் அதைவிட எத்தனையோ மடங்கு போகும். ஜெர்மனி, செக் நாட்டு மேட்ச் பெல்லட்டையே தினமும் சுட எங்களால் முடியாது. அதைப் போட்டிக்கென்று எடுத்து வைத்துவிட்டு, பயிற்சிக்கு விலை குறைந்த டப்பாக்களை வாங்குகிறோம். இந்த டை வேலை செய்வது அந்த டப்பாக்களில்தான்.

பெல்லட்டைப் பார்க்காதவர்களுக்காக: 4.5 மில்லிமீட்டர் விட்டம், அரை கிராம் எடை, தனி ஈயம். முன்பக்கம் தட்டையான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்பக்கம் உள்ளே குடைந்த மெல்லிய விளிம்பு. இந்தப் பின் விளிம்பைத்தான் ஸ்கர்ட் என்கிறார்கள். காற்று உள்ளே புகுந்து தள்ளும்போது குழாயோடு ஒட்டிக் காற்றை ஒழுகவிடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். நல்ல டப்பாக்களின் மூடியில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு ஒட்டியிருக்கும். விலை குறைந்த டப்பாவில் அப்படி எதுவும் இருக்காது. ஒரே டப்பாவுக்குள் இரண்டு மூன்று அளவு கலந்து கிடக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை நசுங்கல். ஈயம் நகம் பட்டாலே தடம் விழுகிற உலோகம். கூரியரில் டப்பா குலுங்கி வந்தால் பின் விளிம்பு முட்டை வடிவமாகிவிடும். இணையத்தில் வாங்கிய ஒரு டப்பாவில் மேலடுக்கு முழுக்க அப்படித்தான் இருந்தது. கேட்டதற்கு, ஈயம் அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது. அந்த விற்பனையாளரிடம் அப்புறம் வாங்கவில்லை.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் இலக்கைக் கவனிக்க வேண்டும். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கான வெள்ளைப் பொட்டின் விட்டமே 0.5 மில்லிமீட்டர்தான். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 2.5 மில்லி. இப்போது மதிப்பெண் தசமத்தில் போடுகிறார்கள். கால் மில்லி விலகினால் 0.1 போய்விடும். பெல்லட் கோணலாகப் போய் ஒரு மில்லி விலகினால் 0.4 நஷ்டம், அது பிள்ளையின் தப்பே இல்லை. பிள்ளைக்கு அது தெரியாது. தன் மூச்சில் கோளாறா, விசையை இழுத்ததில் கோளாறா என்று தன்னையே சந்தேகப்படுவாள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட பெல்லட் நல்ல பழக்கத்தையும் கெடுத்துவிடும்.

பட்டறை கோட்டாறு பக்கம். அறுபது தாண்டிய ஒரு அண்ணன் நடத்துகிறார். ரப்பர் ரோலருக்கு ஷாஃப்ட், வள்ளத்து எஞ்சினுக்கு புஷ், இப்படி வேலைகள். பெயரும் எண்ணும் இங்கே போடவில்லை. போட வேண்டாம் என்று அவரே சொன்னார், காரணமும் சொன்னார். நான் பெல்லட்டை மேசையில் வைத்து டை வேண்டும் என்றதுமே அவர் கேட்ட முதல் கேள்வி, "இது எதுக்குள்ள டையாக்கும்?" ஏர் ரைஃபிளுக்கு என்றதும் முகம் தெளிந்தது. "தோட்டாவுக்குன்னா நான் தொட மாட்டேன், பாத்துக்கிடுங்க. எவ்வளவு ரூவா தந்தாலும் மாட்டேன்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் வெடிபொருள் தோட்டா என்பதற்குள் அதைச் செய்கிற இயந்திரமும் அடக்கம். உரிமம் இல்லாமல் அந்த வேலையைச் செய்வது குற்றம். ஏர் ரைஃபிள் கதை வேறு. 4.5 மில்லி குழாய், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாது என்றால் 2016 விதிகளின்படி உரிமம் கேட்பதில்லை. வயதுச் சான்றும் அடையாள அட்டையும் காட்டி வாங்கலாம். போட்டி ரைஃபிள் ஏழரை ஜூல் அளவில்தான் இருக்கும். யாராவது இதைப் படித்துவிட்டு அவரிடம் போய் வேட்டைத் துப்பாக்கிக்கு ஒன்று கடைந்து தாருங்கள் என்று நின்றால் அது அவருக்கு வீண் தொந்தரவு. காட்டுப்பன்றிக்காக என்று சொல்லிக்கொண்டு ஏற்கெனவே ஆட்கள் வந்திருக்கிறார்களாம்.

சரி, டைக்கு வருவோம்.

நான் கேட்டது சாதாரணமான ஒரு ஓட்டை. 4.5 மில்லிக்கு ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவுகிற கருவி) ஓட்டிக் கொடுங்கள், பெல்லட்டை ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. கடையில் கிடைக்கிற 4.5 ரீமர் போடுகிற ஓட்டை 4.500 முதல் 4.512 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், அது அந்த ரீமரின் அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் என்றார். பெல்லட் மூடியில் போடுகிற அளவுகளுக்கு இடையில் இருப்பதே 0.01 மில்லிதான். இது ஒன்று. நேரான ஓட்டையில் முழுக்கத் தள்ளினால் பின் விளிம்பும் தலை அளவுக்கே சுருங்கிவிடும் என்பது இரண்டாவது. அப்படிச் சுருங்கிய பெல்லட், ஏழரை ஜூல் காற்றில் மறுபடி விரிந்து குழாயை அடைக்குமா என்பது சந்தேகம். பின் விளிம்பு தலையைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தே ஆக வேண்டும்.

அவர் செய்தது டேப்பர் டை, அதாவது உள்ளே போகப் போக ஒடுங்குகிற ஓட்டை. பட்டறைகளில் டேப்பர் பின் அடிப்பதற்கென்று ஒரு ரீமர் வைத்திருப்பார்கள். ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவு, அதாவது ஐம்பது மில்லி நீளத்துக்கு விட்டம் ஒரு மில்லி குறையும். பெல்லட்டின் நீளம் சுமார் ஐந்தரை மில்லி. அந்தச் சரிவில் ஐந்தரை மில்லிக்கு விட்ட வித்தியாசம் 0.11 மில்லி. ஆக, பெல்லட் டைக்குள் போய் நிற்கும்போது தலை இருக்கும் இடம் 4.51 என்றால், பின் விளிம்பு இருக்கும் இடம் 4.62. தலையைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு, பின் விளிம்பை மட்டும் வட்டமாக்கி, கொஞ்சம் அடக்குகிறது. புதிதாக எந்தக் கருவியும் வாங்காமல் பட்டறையில் கிடந்த ரீமரை வைத்தே இதைச் சாதித்த அந்த மூளைக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று சொல்வேன்.

உடம்பு பேரிங் ஸ்டீல். ரீமர் ஓட்டி, சூடு காட்டி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி, அப்புறம் அதே சரிவில் கடைந்த பித்தளைக் கோலில் வைரப் பசை தடவி உள்ளே மெருகு ஏற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கோடுகூடத் தெரியாது. மேலே ஒரு நெம்பு கைப்பிடி. அது தள்ளுகிற கோலின் முனை பெல்லட்டின் குடைவுக்குள் உட்காரும்படி பித்தளையில் கூம்பாகக் கடைந்தது, நசுங்கிய விளிம்பை உள்ளிருந்து நிமிர்த்தும். கீழே தட்டையான முனையுள்ள ஒரு ஊசி. வேலை முடிந்ததும் அதைத் தட்டினால் பெல்லட் மேலே எழும்பி வரும். தலை சேதமாகாமல் இருக்க ஊசி முனை தட்டையாக இருப்பது முக்கியம்.

இனி அளவு வைப்பது. இதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது.

தள்ளுகோல் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை ஒரு நட்டு தடுத்து நிறுத்துகிறது. அது நகராமல் பிடித்துக்கொள்ள அதன் மேல் ஒரு லாக் நட். பத்து மில்லி கம்பியில் ஒரு மில்லி இடைவெளி உள்ள பொடி மரை. ஒரு முழுச் சுற்றுக்கு ஆழம் ஒரு மில்லி மாறும், சரிவு ஐம்பதுக்கு ஒன்று என்பதால் விட்டம் 0.02 மில்லி மாறும். கால் சுற்றுக்கு 0.005. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற கருவியில் கிடைக்கிற நுணுக்கம் இது, இங்கே ஒரு சாதாரண நட்டில் கிடைக்கிறது.

முதலில் நட்டைத் தாராளமாக வைத்து, கோல் குறைந்த ஆழமே போகும்படி ஆரம்பிக்க வேண்டும். ஒரு பெல்லட்டை எடுத்து அதன் தலை விளிம்பிலும் பின் விளிம்பிலும் பர்மனன்ட் மார்க்கரால் கறுப்பு பூசுங்கள். டைக்குள் விட்டு அழுத்தி எடுங்கள். எங்கே கறுப்பு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். எங்கும் தேயவில்லையா, கால் சுற்று இறக்குங்கள். புது பெல்லட், புது மை, மறுபடி. ரப்பர் ஷீட் அடிக்கும்போது ரோலர் இடைவெளியை ஒரே நெருக்காக நெருக்காமல் தடவைக்குத் தடவை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோமே, அந்தப் பொறுமைதான் இதற்கும். பின் விளிம்பில் முதலில் ஒரு பக்கம் மட்டும் தேய்வு தெரியும். அந்தப் பக்கம்தான் பிதுங்கியிருந்த பக்கம். இன்னும் கொஞ்சம் இறக்கினால் வட்டம் முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். அங்கே நிறுத்த வேண்டும். தலையில் மை அங்கங்கே லேசாகத் தேய்ந்தால் பரவாயில்லை. தலையைச் சுற்றி பளபளவென்று ஒரு முழு வளையம் விழுந்தால் ஆழம் கூடிவிட்டது, திருப்பி ஏற்றுங்கள். ஊசி முனையில் ஈயச் சீவல் ஒட்டியிருந்தாலும் அதே அர்த்தம்தான்.

லாக் நட்டை இறுக்கும்போது அளவு நகரும். மரைகளுக்கு இடையில் இருக்கிற சின்ன விளையாட்டம் ஒரு பக்கமாக ஒதுங்குவதால் அப்படி. அதனால் உள்ளே ஒரு பெல்லட்டை வைத்து, கைப்பிடியை அழுத்திப் பிடித்த நிலையிலேயே லாக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கியபின் மை பூசி மறுபடி ஒரு தடவை சரி பாருங்கள். அண்ணன் இதைத்தான் மூன்று தடவை அழுத்திச் சொன்னார்.

அளவு சரியா என்பதற்குக் கடைசித் தீர்ப்பு மைக்ரோமீட்டர் இல்லை, சுடுகிறவரின் பெருவிரல். பெல்லட்டைக் குழாயில் உட்கார வைக்கும்போது மெல்லிய ஒரு தடை தெரிய வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிப் போனால் அதிகம் அடக்கிவிட்டோம். மகள் இப்போது கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறாள். ஒவ்வொரு டப்பாவுக்கும், ஒரே கம்பெனியின் வேறு வேறு லாட்டுக்கும்கூட அளவு மாறும். நட்டு எங்கே நின்றது என்று டப்பா மூடியில் எழுதி வைப்பது என் பழக்கம்.

எங்கள் மூத்த அத்தான் கனடாவில் இருக்கிறார், அங்கே உரிமத்தோடு இலக்குச் சுடுதல் பழகுகிறவர். ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூடுகளைத் தானே மறுபடி நிரப்பிக்கொள்வார், அங்கே அது சட்டப்படி நடக்கிற சாதாரண விஷயம். லீவில் வந்தபோது இந்த டையைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. அவர்கள் வைத்திருக்கிற சைசிங் டையும் இதே தத்துவம்தானாம். சுட்டபின் பித்தளைக் கூடு, துப்பாக்கியில் தோட்டா உட்காருகிற அறையின் அளவுக்கு உப்பிவிடும். அதைப் பழைய அளவுக்கு அடக்குவது டை. அந்த டைகளின் மரை பெரும்பாலும் ஒரே அளவு, எட்டில் ஏழு பங்கு அங்குல விட்டம், அங்குலத்துக்குப் பதினான்கு மரை. ஒரு சுற்றுக்கு 1.81 மில்லி. கூட்டைத் தாங்குகிற ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கிவிட்டு, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று, கால் சுற்று என்று சரி செய்வார்களாம். கூட்டின் தோள்பட்டையை, அதாவது கூடு கழுத்தாக ஒடுங்குகிற இடத்தை, 0.025 முதல் 0.05 மில்லி வரை பின்னுக்குத் தள்ளினால் போல்ட் ரைஃபிளுக்கு (அறையின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுவது) போதும். அதற்கு மேல் தள்ளினால் ஒவ்வொரு தடவை சுடும்போதும் கூடு நீளும், அடிப்பக்கம் மெலியும், ஒரு நாள் அங்கேயே பிளக்கும். அளவு மீறி அடக்குவதுதான் ஆபத்து என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்று.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் பித்தளைக்கும் ஈயத்துக்கும் பெரிய வித்தியாசம். பித்தளை கடினம், ஸ்டீலைக் கவ்விப் பிடிக்கும். மசகு இல்லாமல் அழுத்தினால் கூடு டைக்குள்ளேயே சிக்கி, இழுக்கும்போது விளிம்பு பிய்ந்து கையோடு வந்துவிடும் என்றார் அத்தான். அதற்குப் பயந்து அள்ளிப் பூசினாலும் வம்பு. திரவத்தை அமுக்க முடியாது, தேங்கிய இடத்தில் கூட்டின் தோளில் பள்ளம் விழுந்துவிடும். அதனால் விரல் நுனியில் மெழுகு போன்ற மசகைத் தொட்டு மெல்லிய பூச்சாகத் தேய்ப்பது, கழுத்தின் உட்பக்கமும் ஒரு தொடல், வேலை முடிந்ததும் சுத்தமாகத் துடைத்து எடுப்பது. துடைக்காமல் சுட்டால் கூடு அறைச் சுவரைப் பிடிக்காமல் பின்னால் போல்ட்டை அதிகமாக உதைக்கும்.

ஈயத்துக்கு அவ்வளவு வேண்டாம். உலர்ந்த பெல்லட்டும் டைக்குள் போகும், வரும். ஆனால் ஸ்டீல் சுவரில் ஈயம் பூசிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் அளவே மாறிவிடும். அதற்காக ஒரு மெல்லிய படலம் தேவை. நம் ஊரில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அது ஈரம். ஆனியில் தென்மேற்கு மழை, ஐப்பசியில் வடகிழக்கு மழை, இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது. ஈரக் காற்றில் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். பொடி பூத்த பெல்லட்டில் அளவும் இல்லை, எடையும் இல்லை, அந்தப் பொடி விஷம் வேறு. கன்னியாகுமரி மாவட்டத்தில் பெல்லட்டுக்கு எண்ணெய் தொடுவது வேகத்துக்காக இல்லை, ஈயத்தைக் காப்பாற்றத்தான் என்பது என் தீர்மானமான கருத்து.

ரப்பர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது. பால் உறைய வைக்க நாம் ஊற்றுகிற ஃபார்மிக் ஆசிடின் ஆவி ஈயத்தை அரிக்கும். அசெட்டிக் ஆசிட் ஆவியும் அப்படித்தான். பயிற்சிக்கு வரும் ஒரு பையனின் டப்பாவை அவன் வீட்டில் ஷீட் அடிக்கிற கொட்டகையில், ஆசிட் கேனுக்குப் பக்கத்துத் தட்டில் வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் மாவு கொட்டியது மாதிரி இருந்தது. மரப்பெட்டியும் வேண்டாம், மரத்திலிருந்து மெல்ல வெளிவருகிற ஆவியிலும் அசெட்டிக் ஆசிட் உண்டு. இறுக்கமான மூடியுள்ள தகர டப்பா, ஒரு சின்ன சிலிக்கா பொட்டலம், வீட்டின் உள்ளறை. இது போதும்.

எந்த எண்ணெய்? நம் ஊரில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் கை போகும். இதற்கு வேண்டாம். நாளானால் காறிப்போகும், காறிய எண்ணெயில் இருக்கிற அமிலம் ஈயத்தோடு சேர்ந்து பிசுக்காகும். தேன்மெழுகும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற லிக்விட் பாரஃபினும் கலந்த பசையை நான் பயன்படுத்துகிறேன். மார்த்தாண்டம் பக்கத்தில் தேன் எடுப்பவர்களிடம் நல்ல மெழுகு சுலபமாகக் கிடைக்கும். மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி போதும், நேரடி நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து உருக்கி, ஐந்தாறு பங்கு பாரஃபின் ஊற்றிக் கலக்கினால் ஆறியதும் மென்மையான பசையாகும். பழைய பருத்தித் துணியில் பட்டாணி அளவு தேய்த்து, பெல்லட்டுகளைத் துணியின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மெல்ல உருட்டுங்கள். கையில் எடுத்தால் பிசுபிசுப்பு தெரியக் கூடாது. தெரிந்தால் அதிகம். இடுப்பு ஒடுக்கத்தில் தேங்கினால் ஒவ்வொன்றின் எடையும் ஒவ்வொரு மாதிரி ஆகி, பட வேண்டிய இடம் மாறும். டைக்குள்ளும் ஈயமும் பசையும் சேரும், அவ்வப்போது காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் வைத்த ஏர் கன் வைத்திருப்பவர்கள் எண்ணெய் பூசிய பெல்லட்டை யோசித்துப் போடுங்கள். ஸ்பிரிங் பிஸ்டன் காற்றை ஒரு நொடியில் அமுக்கும்போது அது கொதிக்கிற சூடாகும், எண்ணெய் ஆவி அதில் பற்றிக்கொள்ளும். புகை வரும், வேகம் கன்னாபின்னாவென்று ஏறும், சீல் கெடும். சிலிண்டரில் அழுத்தக் காற்று நிரப்பிச் சுடுகிற போட்டி ரைஃபிளில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனாலும் அந்தச் சிலிண்டர் வால்வு பக்கம் எண்ணெய்க் கையோடு போகவே கூடாது.

இதைவிட முக்கியமானது கை கழுவுவது. ஈயம் பிள்ளைகளின் உடம்புக்குள் போகக் கூடாத பொருள். டை வேலைக்குத் தனி மேசை, அதன் மேல் செய்தித்தாள். வேலை நடக்கும்போது சிப்ஸ், சாயா எதுவும் கிடையாது. முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சீவலையும் பொடியையும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், அந்தத் துணியைத் தனிக் கவரில் போடுங்கள். என் வீட்டில் இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. "மக்களே, கை கழுவினியா?" என்று கேட்காமல் சோற்றுத் தட்டை எடுத்து வைக்க மாட்டேன்.

பலன் என்ன? ரைஃபிளை மணல் மூட்டையில் அமர்த்தி, அதே டப்பாவிலிருந்து அப்படியே எடுத்ததையும் டையில் போட்டு எடுத்ததையும் சுடச் சொன்னேன். அப்படியே எடுத்தவற்றின் ஓட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரிந்து கிடந்தன. டையில் போட்டவை பெரும்பாலும் ஒரே கிழிசலாகச் சேர்ந்தன, எப்போதாவது ஒன்று வெளியே போகிறது. அது எடை வித்தியாசத்தால். அதை டை சரிசெய்யாது. நல்ல மேட்ச் பெல்லட்டைப் போட்டுப் பார்த்ததில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆகவே போட்டி டப்பாவை டை பக்கமே கொண்டுபோகாதீர்கள். செம்மையாகச் செய்து வந்த பொருளை நாம் தொட்டால் கெடுக்கத்தான் செய்வோம்.

குறைகளும் உண்டு. நட்டைச் சுற்றி அளவுக் கோடுகள் இல்லை. கால் சுற்று என்பதைக் கண் மதிப்பில்தான் திருப்ப வேண்டியிருக்கிறது. செய்யும்போதே எட்டுக் கோடு கீறித் தரச் சொல்லுங்கள், அவருக்கு அது பெரிய வேலை இல்லை. கைப்பிடியின் குமிழ் சின்னது, ஒரு டப்பா முடிவதற்குள் உள்ளங்கை வலிக்கும். பேரிங் ஸ்டீல் துரு பிடிக்கும், மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் எண்ணெய் தொட்டு, துணி சுற்றி வைக்காவிட்டால் அந்த மெருகெல்லாம் போய்விடும். வேகமும் குறைவு, ஒவ்வொன்றாக வைத்து அழுத்தித் தட்டி எடுக்க வேண்டும். ஒரு டப்பாவுக்கு ஒரு சாயங்காலம் போகும். அத்தானும் மகளும் நானுமாக உட்கார்ந்து செய்த சாயங்காலங்கள் எனக்குப் பிடித்திருந்தன என்பது வேறு விஷயம்.

கூலியும் சாமானும் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆனது. சொன்ன தேதிக்கு ஒரு வாரம் பிந்தித்தான் கொடுத்தார். வள்ளங்கள் கடலுக்குப் போகிற சீசனில் எஞ்சின் வேலைதான் அவருக்கு முதல், அதில் எனக்குக் குறை இல்லை. மீன்பிடித் தடைக்காலத்திலும் பட்டறை சும்மா இருக்காது, ரிப்பேருக்கு வருகிற எஞ்சின்கள் அப்போதுதான் குவியும். அவசரம் என்று போய் நிற்காதீர்கள்.

உங்கள் ஊர் லேத் பட்டறையிலேயே இதைச் செய்துகொள்ளலாம், நாகர்கோவில்தான் வர வேண்டும் என்றில்லை. ஐம்பதுக்கு ஒன்று டேப்பர் ரீமரில் நாலு மில்லி சைஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. போகும்போது நீங்கள் பயிற்சிக்குச் சுடுகிற டப்பாவையே கொண்டுபோங்கள், நசுங்காத பெல்லட் பத்துப் பதினைந்தையாவது அவர் அளந்து பார்க்கட்டும். காகிதத்தில் அளவு எழுதிக் கொடுத்துச் செய்தால் அந்தக் காகிதத்துக்குத்தான் டை பொருந்தும். எதற்கான டை என்பதையும் அவர் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.